புறா வளர்ப்பவரின் இருமல்

(சென்னை வியாசர்பாடியில் புறா வளர்ப்பவர்கள் முன்னால் ஒரு மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அண்ணன்களே, தம்பிகளே, கூடவே வந்திருக்கும் அக்காக்களே, எல்லோரும் புறாவை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. புறாவால் வரும் நுரையீரல் நோய் ஒன்று இருக்கிறது, அது வளர்ப்பவர்களில் சிலருக்குத்தான் வரும். ஆனால் வந்தவருக்கு அது இன்னதென்று தெரிவதற்குள் வருடங்கள் ஓடிவிடுகின்றன, அதுதான் என் ஆத்திரம்.

பெயர் ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நியூமோனைட்டிஸ். புறாவைப் பிடித்தால் மாவு மாதிரி கையில் ஒட்டுமே, அந்தத் தூளிலும் காய்ந்த எச்சத்திலும் உள்ள புரதம் மூச்சோடு உள்ளே போக, சிலருடைய உடம்பு அதை எதிரியாக நினைத்துச் சண்டை போட்டு, நுரையீரலில் அழற்சி உண்டாகிறது. தொற்றாது. 1965-லேயே அமெரிக்க மருத்துவர்கள் இதை எழுதிவிட்டார்கள்.

காலையில் கூண்டைச் சுரண்டுகிறீர்கள், நாலிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் குளிர் காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம், ஓரிரு நாளில் சரியாகிவிடும். இது ஒரு வகை. நான் பயப்படுவது காய்ச்சலே இல்லாமல் மெதுவாக வருவதற்கு: மாடி ஏறினால் மூச்சு வாங்கும், வயசாகிவிட்டது என்போம், அப்புறம் எடை குறையும், சிலருக்கு விரல் நுனி உருண்டையாகும்.

இருமல், எடைக் குறைவு என்றால் நமக்கு டிபி நினைப்புதான் வரும். தப்பில்லை, சளியைப் பரிசோதிக்கத்தான் வேண்டும். சளியில் ஒன்றும் இல்லாமலேயே ஆறு மாதம் டிபி மாத்திரை சாப்பிட்ட ஒருவர் என்னிடம் வந்தார். வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள் என்று அதுவரை யாரும் கேட்கவில்லை. அவர் மனைவிதான் சொன்னார்: "கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் பத்து நாள் இருந்தோம் டாக்டர், இருமலே இல்ல. வந்து புறாக் கூண்டு இருக்கிற மாடிக்கு ஏறின அன்னிக்கே ஆரம்பிச்சிடுச்சு." எந்த ஸ்கேனுக்கும் முன்னால் நோயைக் காட்டிக்கொடுத்தது அந்த வார்த்தைதான்.

எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம், நுரையீரலை நுணுக்கமாகப் படம் பிடிக்கும் எச்ஆர்சிடி ஸ்கேன் வேண்டும். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, வேறெங்கே போனாலும் சரி, புறா இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். ஏர் கூலர், சுவரில் பூஞ்சை இருந்தால் அதையும், இதே நோய் அவற்றாலும் வரலாம். 2017-ல் வெளியான இந்திய ஆய்வில், நுரையீரல் திசு நோயுள்ள 1,084 பேரில் 47 சதவீதத்தினருக்கு, புறாவாலோ வேறு காரணத்தாலோ, இதே நோய்தான்.

ஸ்டீராய்டு அழற்சியைக் குறைக்கும், ஆனால் நுரையீரலில் விழுந்த தழும்பு மாறாது. அதனால் நோய் வந்தவர் புறாவைப் பிரியத்தான் வேண்டும், மாஸ்க் போதாது. நான் சொன்னவர் தன் ஹோமர்களை, எங்கே விட்டாலும் வீடு தேடித் திரும்பும் புறாக்களை, மச்சானிடம் கொடுத்தார். திறந்துவிட்ட முதல் நாளே அத்தனையும் இவர் மாடிக்கே திரும்பி வந்துவிட்டன. இப்போது மச்சான் அவற்றைக் கூண்டைவிட்டு வெளியே விடுவதே இல்லை.