பார்க்கர் 51 முனையைக் கழட்டலாமா?

அடுத்த கேள்வி குடியாத்தத்துல இருந்து ஒரு அக்கா அனுப்பிக்கீறாங்க. "தாத்தா வச்சிருந்த பேனா, பார்க்கர் 51னு பொறிச்சிருக்கு. இங்க் காஞ்சுபோய் எழுத மாட்டேங்குது. நிப்பு உள்ள போயிடுச்சு. முனையைக் கழட்டிக் கழுவலாமா?"

வேணாங்க்கா. நிப்பு உள்ள போகல, அதோட அமைப்பே அப்படித்தான். இதை உருவாக்கி முடிச்ச 1939, பார்க்கர் கம்பெனிக்கு 51வது வருஷம், அதான் இந்தப் பேரு. கடைக்கு வந்தது 1941ல. காயிதத்துல பட்டதும் காயுற இங்க்குக்காகச் செஞ்ச பேனா இது. அந்த இங்க் நிப்புலயும் காஞ்சிடுமில்ல? அதனால தங்க நிப்பைக் குழாயா சுருட்டி, மேல தொப்பி மாட்டி, நுனியை மட்டும் வெளிய விட்டாங்க. அந்த இங்க்குல காரமும் ஜாஸ்தி, செல்லுலாய்டு பிளாஸ்டிக்கை அரிச்சிடும். அதான் பாடியை லூசைட்ல பண்ணாங்க, அதாவது அக்ரிலிக்.

தொப்பிக்குள்ள, மிச்ச இங்க்கைத் தாங்கிக்கிற கலெக்டர்னு ஒண்ணு கீது. சீப்பு மாதிரி மெல்லிசு மெல்லிசா வெட்டு. பழைய இங்க் கட்டிக்கினு கீறது அங்கதான். தொப்பியை அரக்கு வச்சு ஒட்டியிருப்பாங்க. பலமா முறுக்கினா விரிசல் விடும், திரும்ப மாட்டும்போது கோணலா உக்காரும்.

முதல்ல பேனாவோட வால் பக்கம் பாருங்க. மூடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சா வேக்குமேடிக்னு இங்க் ரொப்புற பழைய மாடல். உள்ள ரப்பர் சவ்வு இந்நேரம் பொடிஞ்சிருக்கும், ரிப்பேர்காரர்கிட்டதான் குடுக்கணும். கோடு இல்லன்னா 1948ல வந்த ஏரோமெட்ரிக். நடு வளையத்துகிட்ட பேரலைத் திருகினா உள்ள இரும்புக் குழாயும் அமுக்குற பட்டையும் இருக்கும்.

இதுன்னா வீட்லயே பண்ணலாம். நம்ம ஊர் போர் தண்ணி வேணாம், உப்பு படியும். இன்வெர்ட்டருக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர் டம்ளர்ல ஒரு இஞ்ச் ஊத்தி, முனை கீழ இருக்கிற மாதிரி நிக்க வைங்க. காலைல ஒருதரம் சாயந்திரம் ஒருதரம் பட்டையை அமுக்கி விட்டு, தண்ணியை மாத்துங்க. கலங்கல் நிக்க ரெண்டு நாளும் ஆகும், ஒரு வாரமும் ஆகும். சுடுதண்ணி கூடாது, அரக்கு இளகிடும். ஸ்பிரிட் தொடவே கூடாது, லூசைட்டுல மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு விழும்.

அப்புறம் தொப்பி முழுகுற அளவு இங்க்குல விட்டு அஞ்சாறு தடவை அமுக்குங்க, நடுவுல ரெண்டு செகண்ட் விடணும். ஒரே அமுக்குல ரொம்பாது. இரும்புக் குழாய்க்குள்ள கீற இங்க் பைக்குள்ள ஒரு மெல்லிய காத்துக்குழாய் போவுது. ஒவ்வொரு அமுக்குக்கும் அது வழியா காத்து வெளிய போயி, இங்க் படிப்படியா ஏறும். எத்தினி தடவை அமுக்கியும் பாதிதான் ஏறுதுன்னா அந்தக் குழாய் ஒடஞ்சிருக்கலாம். இங்க் பிரில், கேமல் மாதிரி சாதா பேனா இங்க்கே போதும்; ட்ராயிங் இங்க் மட்டும் வேணாம், கலெக்டர் ஒரேடியா அடைச்சிக்கும்.

கீறுதுன்னு தோணுச்சுன்னா நிப்பைக் குறை சொல்லிடாதீங்க. தொப்பியோட கூர்மூக்கு நேரா மேல பாக்குதான்னு பாருங்க. நிப்பு கண்ணுக்குத் தெரியாததால பாதிப் பேரு இதைச் சாய்ச்சுப் பிடிச்சுதான் எழுதுறாங்க.