காவேரில நிக்கிற கப்பல்

வணக்கமுங்க! இன்னைக்கு சமையல் இல்லீங்க. எங்க பெரிய மாமா கையால வரைஞ்சு அனுப்புன பொங்கல் வாழ்த்து அட்டை. சரக்குக் கப்பல்ல டெக் ஆளா இருந்தவரு. துரு சுரண்டறதும் பெயிண்ட் அடிக்கறதுந்தான் பொழப்பு. ரிட்டயர் ஆகி ஈரோட்டுல உக்காந்தப்புறம் படம் வரையறாரு.

இருங்க, கிட்டக் காட்டறேன். பின்னாடி பவானி சங்கமேசுவரர் கோயில் கோபுரம், முன்னாடி கூடுதுறை, அதுல ஒரு சரக்குக் கப்பல்! சிரிக்காதீங்க, விசயம் இனிமேத்தான் இருக்கு.

மேல் பக்கத்துல கப்பல் காலி. செவப்பு அடிவயிறு பூராத் தண்ணிக்கு மேல தெரியுது. இப்பத் திறக்கறேன்... அதே கப்பல், மஞ்சளும் கரும்பும் ஏத்தி, செவப்பெல்லாம் உள்ள முங்கிருச்சு. வெள்ளாமை வீடு வந்து சேர்ந்ததைச் சொல்ல இது போதாதுங்களா? மேல 'பொங்கலோ பொங்கல்'னு எழுதாமயே விட்டிருக்கலாம்.

கப்பல் பக்கவாட்டுல ஒரு வட்டம், குறுக்க ஒரு கோடு. பிளிம்சால் குறிம்பாங்க. அளவுக்கு மீறி சரக்கேத்தி கப்பல் முழுகக் கூடாதுன்னு 1876ல இங்கிலாந்துல சட்டம் போட்டுக் கொண்டாந்தது. பக்கத்துலயே சீப்புப் பல்லாட்ட சின்னச் சின்னக் கோடு, எந்தத் தண்ணியில எது வரைக்கும் முங்கலாம்னு காட்டறது. உச்சியில இருக்கறது 'டி எஃப்', வெப்ப நாட்டு நல்ல தண்ணிக்கு உண்டானது. கடல் தண்ணி லிட்டருக்கு 1025 கிராம் வாக்குல வரும், ஆத்துத் தண்ணி 1000 தான். அதனால அதே பாரத்துக்கு ஆத்துல கப்பல் இன்னுங் கொஞ்சம் முங்கும். மாமா தண்ணி மட்டத்தை அந்த டி எஃப் கோட்டுலயே நிறுத்தியிருக்காரு. இதை ஆரு மாமா பாக்கப் போறாங்கன்னேன். "கப்பக்காரன் பாப்பான் கண்ணு"ங்கறாரு.

கடல் வரைஞ்சா ஈர வாட்டர்கலர் மேல உப்புத் தூவுவாரு. உப்பு சாயத்தை உறிஞ்சி, காஞ்சப்புறம் வெள்ளை வெள்ளையாப் பூத்துக்கும். இந்த அட்டைக்கு ஒரு கல்லு கூடப் போடலை, காவேரியாச்சே!

இங்கிலாந்துல ஆல்பிரட் வாலிஸ்னு ஒரு மீன்பிடிக்காரர் (1855–1942), சம்சாரம் போனப்புறம் 70 வயசு வாக்குல, பழைய அட்டைத்துண்டுல கப்பல் பெயிண்ட்லயே வரைஞ்சாரு. அவருக்கு அளவெல்லாம் மனசு போன போக்கு. எனக்கென்னமோ மாமா கணக்குதான் புடிச்சிருக்கு. சொந்தம்னு சொல்றேன்னு நெனைச்சாலும் பரவால்லீங்க.

ஒரே குறை, கடையில விக்கிற கவருக்குள்ள இது போகாது. அப்புறம், வெயில் படற செவுத்துல மாட்டிறாதீங்க, சாயம் வெளுத்துரும்.