கூட்ஸ் கோச்சியின் கடைசிப் பெட்டியிலிருந்து

(வெள்ளவத்தையில் ஒரு ஞாயிறு மாலை பேசியது. கேட்டவர்கள் எழுதித் தரச் சொன்னதால், பேசிய மாதிரியே கொஞ்சம் திருத்தி எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பரவாயில்லை. 28 வருடம் கூட்ஸ் கோச்சியின், அதாவது சரக்கு ரயிலின், கடைசிப் பெட்டியில் காட் (guard) வேலை பார்த்தவனுக்கு இரைச்சல் ஒரு பொருட்டில்லை.

உள்ளே வரும்போது தேத்தண்ணி தந்த தங்கச்சி ஒன்று கேட்டார்: "அண்ணை, கூட்ஸ் கோச்சியிலை காட் ஆளுக்கு என்ன வேலை? பின்பெட்டியிலை இருந்துகொண்டு வாறதுதானே?" நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பாதிக்கு மேல் சரி, இருந்துகொண்டு வருவதுதான் வேலை. அதிலும் பாதி நேரம் கோச்சி வருவதே இல்லை, நிற்கும்.

முதலில் இந்த நிற்கிற கதை. பொல்காவலை தாண்டி வடக்கே திரும்பினால் ஒற்றைப் பாதை. எதிரே ஒரு கோச்சி வந்தால் இரண்டில் ஒன்று ஏதாவது ஸ்டேஷனில் பக்கத்துப் பாதைக்கு, நாங்கள் லூப் என்று சொல்வோம், ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஒதுங்குவது யார் என்று கேட்க வேண்டுமா? பயணிகள் கோச்சியில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இருபது நிமிடம் பிந்தினால் ஸ்டேஷன் மாஸ்டரை மேடையில் வைத்துக் கேள்வி கேட்பார்கள். எண்ணெய்த் தாங்கி கேள்வி கேட்காது. மா மூட்டையும் கேட்காது. ஆகவே எதிரே வருகிற கோச்சிக்கு நிற்போம், பின்னால் வேகமாக வருகிற கோச்சிக்கும் நிற்போம், அது போன பிறகு அடுத்த ஸ்டேஷனில் இடமில்லை என்று இன்னும் கொஞ்சம் நிற்போம். ஒருமுறை மாஹோவுக்கு அப்பால் ஒரு சின்ன ஸ்டேஷனில் பின்னேரம் நின்றவர்கள் நடுச்சாமம் தாண்டித்தான் நகர்ந்தோம். அன்றைக்கு வீட்டில் கட்டித் தந்த சோற்றுப் பார்சலைத் திறந்தால் புளித்துப்போய் மணக்கிறது. அதற்குப் பிறகு சோறு கொண்டுபோனதே இல்லை. ரொட்டியும் கட்டச் சம்பலும்தான். அது இரண்டு நாள் கிடந்தாலும் கெடாது, வெயிலில் நின்றாலும் கெடாது.

வேடிக்கை என்னவென்றால், இந்த நாட்டில் பாதை போட்டதே கூட்ஸுக்காகத்தான். 1864 டிசெம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் கோச்சி போனது. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் வருடக்கணக்காகக் கேட்டு வாங்கிய பாதை அது, காரணம் கோப்பி. அதுவரை கண்டிப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில்தான் கோப்பி மூட்டை கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கியது. 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா என்று பாதை மலை ஏறுவதற்குள் இலை நோய் வந்து கோப்பி செத்து தேயிலை வந்துவிட்டது. பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆனது. அந்தக் காலத்தில் மூட்டைதான் முதலாளி, மனிதர்கள் அதோடு தொற்றிக்கொண்டு போனவர்கள். இன்றைக்கு அப்படியே தலைகீழ். தேயிலை லொறிக்குப் போய்விட்டது. எங்களுக்கு மிஞ்சியது கொலன்னாவையிலிருந்து எண்ணெய், சீனக்குடாவிலிருந்து கோதுமை மா, அப்புறம் சீமெந்து, அப்படிச் சில. இன்று காலை நீங்கள் சாப்பிட்ட பாணின் மாவை ஒரு காட் எங்காவது லூப்பில் உட்கார்ந்து காவல் காத்திருக்கலாம்.

சரி, ஓடும்போது என்ன வேலை என்பதற்கு வருகிறேன். முன்னால் இஞ்சினில் சாரதியும் உதவியாளரும், இரண்டு பேர், பேச்சுத் துணை உண்டு. கடைசிப் பெட்டியில் நான் தனியாள். இடையில் ஒரு தெரு நீளத்துக்கு வண்டிகள். நாங்கள் ஓடியது வெக்குவம் பிரேக் வண்டிகளில். அதை இப்படிச் சொல்லலாம்: இஞ்சின் முழுக் கோச்சியின் குழாயிலிருந்தும் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அப்படி உறிஞ்சி வைத்திருக்கும் வரைக்கும் பிரேக் விலகி நிற்கும். எங்காவது குழாய் கழன்றால் காற்று உள்ளே புகுந்து தானாகவே பிடித்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் நீளமான கோச்சியில் சாரதி பிரேக் போட்டால் முன் வண்டி முதலில் பிடிக்கும், பின் வண்டிக்குச் செய்தி வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் பின்னால் இருப்பதெல்லாம் முன்னால் போய் இடிக்கும். டக், டக், டக் என்று அந்த இடி வண்டி வண்டியாகக் கிட்ட வருவது காதுக்குக் கேட்கும், எண்ணிக்கொண்டே கம்பியைப் பிடிக்க வேண்டும், பிடிக்காதவன் மூக்கை உடைத்துக்கொள்வான். தாங்கி பாதி நிறைந்திருந்தால் இன்னும் மோசம், கோச்சி நின்ற பிறகும் எண்ணெய் உள்ளே அலையடித்து வண்டியை ஆட்டும். எந்தச் சாரதி கெட்டிக்காரன் என்பதை அதிகாரியிடம் கேட்காதீர்கள், காட் ஒருவனின் முழங்காலிடம் கேளுங்கள்.

கடுகண்ணாவை ஏற்றத்தைப் படம் எடுக்க எல்லோரும் யன்னலுக்கு ஓடுவார்கள். எங்களுக்கு அங்கே படம் எடுக்க நேரமில்லை. நாவலப்பிட்டிக்கு மேலே 44 அடி போனால் ஒரு அடி உயர்கிற இடங்கள் இருக்கின்றன. தெருவில் இது ஒன்றுமில்லை, ஒரு பொடியன் சைக்கிளில் ஏறிவிடுவான், ஆனால் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில், அதுவும் மழை பெய்து இலை விழுந்து நசிந்து கிடந்தால், நின்ற இடத்திலேயே சுற்றும். அதற்குத்தான் இஞ்சினில் மணல் வைத்திருக்கிறார்கள். சக்கரத்துக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கொட்டி ஏற வேண்டும். கொட்டகலைக்கும் அப்புத்தளைக்கும் எண்ணெய் அப்படித்தான் ஏறியது. மலையகப் பாதையில் டப்லட் என்று ஒன்று இருக்கிறது, பெரிய வளையத்தோடு ஒரு தோல் பை, அதற்குள் ஒரு தட்டு. அந்தத் தட்டு கையில் இல்லாமல் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது, ஒரு பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரு தட்டுத்தான் வெளியே வரும். ஓடுகிற கோச்சியிலிருந்து உதவியாளர் கையை நீட்டி வளையத்தை மாட்டிக்கொள்வார். புதிதாக வந்த பிள்ளைகளின் முழங்கை ஒரு மாதம் நீலமாக இருக்கும்.

யானைக் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேப்பரில் வரும்போது பழி எங்கள் ஆட்கள் தலையில்தான் விழுகிறது. 2024 ஒக்டோபரில் மட்டக்களப்புக்குப் போன எண்ணெய்க் கோச்சி மின்னேரியாப் பக்கம் யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் பயணிகள் கோச்சி மோதி ஆறு யானைகளாவது செத்தன. வேகத்தைக் குறைக்கலாமே என்கிறார்கள். குறைக்கச் சொன்ன இடத்தில் குறைக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் இரவில், இரண்டு பக்கமும் காடு, வளைவு, விளக்கு நேரேதான் அடிக்கும், வளைவைப் பார்த்து வளையாது. இருட்டின் நிறத்தில் ஒரு மிருகம், கண்ணுக்குப் பட்ட பிறகு பிரேக் போட்டால் நிறைந்த தாங்கிகள் எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போகும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு சாரதி ஒரு குட்டியை அடித்த பிறகு மூன்று மாதம் இரவு வேலைக்குப் போகவில்லை. கோச்சியில் நடக்கிற எதையும் பற்றி நிறையப் பேசுகிற மனிதர், அதைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

கோச்சி காட்டுக்குள் நின்றுவிட்டால் பின்பெட்டிக்காரனின் உண்மையான வேலை அப்போதுதான் ஆரம்பிக்கும். பின்னால் வருகிற கோச்சி எங்களில் மோதாமல் இருக்க, சிவப்பு விளக்கையும் தண்டவாளத்தில் மாட்டுகிற வெடியையும் எடுத்துக்கொண்டு வந்த வழியே நடக்க வேண்டும். சக்கரம் ஏறினால் வெடிக்கும், சாரதி நிறுத்துவார். கையில் விளக்கு, எதிரே எதுவும் தெரியாத இருட்டு, யானை நடக்கிற அதே பாதை. முதல் தடவை நடந்தபோது எனக்குத் தெரிந்த அத்தனை தேவாரத்தையும் சத்தமாகச் சொன்னேன். பக்தியும் இருந்தது, யானைக்குக் கேட்கட்டும் என்றும் இருந்தது.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், மனைவி முன்வரிசையில் இருக்கிறார். கூட்ஸ்காரனுக்கு நேரசூசி கிடையாது, கூப்பிட்டால் போக வேண்டும், வந்தால் பகலில் தூங்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் பகலில் தூங்குவது எப்படி என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஜூன் வந்தால் அந்தோனியார் கோவில் ஒலிபெருக்கி, அதற்குப் பிறகு ஆடிவேல் மேளம், இடையில் மீன்காரன். வெளியூரில் ரணிங் ரூமில், அதாவது கோச்சிக்காரர்கள் தங்கும் அறையில், நன்றாகத் தூங்கியிருக்கிறேன், அடுத்த கட்டிலில் யார் குறட்டை விட்டாலும். அங்கே சமைக்கும்போது பேச்சு சிங்களமும் தமிழும் இங்கிலிசும் கலந்து போகும், பருப்புக்கு உப்புப் போட்டாயா என்று கேட்க எது வாய்க்கு வருகிறதோ அது.

கடைசியாக ஒருவர் கேட்டார், ஓய்வு பெற்ற பிறகு கோச்சியில் போகிறீர்களா என்று. போகிறேன், மகள் மட்டக்களப்பில். கல்லோயா வருவதற்குள் எப்படியும் ஏதாவது ஒரு லூப்பில் எண்ணெய்க் கோச்சி ஒன்று எங்களுக்காக ஒதுங்கி நிற்கும். மற்றவர்கள் யானை தெரிகிறதா என்று காட்டைப் பார்ப்பார்கள், நான் யன்னலால் தலையை நீட்டி அதன் கடைசிப் பெட்டியைப் பார்ப்பேன், காட் தூங்குகிறானா என்று. தூங்கக் கூடாது, அது விதி. போன தடவை பார்த்தபோது அந்தப் பொடியன் விழித்துத்தான் இருந்தான், மடியில் பேப்பரை விரித்து ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தான்.