ராணுவ ஹெலிகாப்டர் பைலட், சி.பி.பி. பைலட் ஆவது எப்படி? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்திருக்கேன். டெக்சாஸ்ல இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கார். அமெரிக்க ராணுவத்துல வாரன்ட் ஆபீசர், பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஓட்டுறார், வயசு 38, அடுத்த வருஷம் ஒப்பந்தம் முடியுது. "சி.பி.பி.யில பைலட்டா சேரணும். பறந்த மணிக்கணக்கு போதுமான அளவு இருக்கு. ஆனா விண்ணப்பிச்சவங்க பல பேர் நடுவுலயே நின்னுட்டாங்கன்னு கேள்விப்படுறேன். எங்க தவறுது? அப்பா அம்மா மதுரையில இருக்காங்க, அது இடைஞ்சலா? நேஷனல் கார்டுல (பகுதி நேர ராணுவப் படையில) தொடர முடியுமா?" இவ்வளவுதான் கேள்வி.

முதல்ல எந்த வேலைன்னு சொல்லிடறேன், மத்தவங்களுக்கும் புரியும். சி.பி.பி.ன்னா அமெரிக்க சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை. அதுக்குள்ள ஏர் அண்ட் மரைன் ஆபரேஷன்ஸ்னு ஒரு பிரிவு, சுருக்கமா ஏ.எம்.ஓ. அங்க பைலட்டை ஏர் இன்டர்டிக்‌ஷன் ஏஜென்ட்னு எடுக்குறாங்க. துப்பாக்கி, பேட்ஜ், கைது அதிகாரம் எல்லாம் உண்டு. எஃப்.பி.ஐ., போதைப்பொருள் தடுப்பு அமைப்பான டி.இ.ஏ. ரெண்டுலயும் விமானப் பிரிவு இருக்கு, ஆனா அங்க பெரும்பாலும் ஸ்பெஷல் ஏஜென்ட்டா சேர்ந்து புலனாய்வு வேலை பார்த்த பிறகுதான் விமானத்துப் பக்கம் வர முடியும். நேரடியா பைலட்டாவே எடுக்குற பெரிய மத்திய அமைப்புன்னா ஏ.எம்.ஓ.தான். அதனால தம்பி சரியான இடத்தைத்தான் பார்க்கிறார்.

இப்ப லைசென்ஸ். ராணுவத்துல வாங்குன விங்ஸ் வெளிய செல்லாது, எஃப்.ஏ.ஏ.ங்கிற அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தோட கமர்ஷியல் சான்றும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்குற இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் வேணும். இதுக்கு மறுபடி பறந்து காட்டத் தேவையில்லை. எஃப்.ஏ.ஏ. விதி 61.73ன்படி ராணுவத் தகுதியை வச்சே மாத்திக்கலாம். மிலிட்டரி காம்பிடென்ஸ்னு ஒரு எழுத்துத் தேர்வு, 70 மதிப்பெண் எடுத்தா தேர்ச்சி. அப்புறம் எஃப்.ஏ.ஏ.வோட ஐயாக்ரா இணையதளத்துல விண்ணப்பம் போட்டு, பைலட் பயிற்சி முடிச்ச ஆணை, பறப்புப் பதிவு, அடையாள அட்டை எல்லாத்தையும் எஃப்.ஏ.ஏ. அலுவலகத்துல காட்டணும். ராணுவத்துல இன்ஸ்ட்ரக்டர் பைலட்டா இருந்திருந்தா அதுக்குத் தனித் தேர்வு, அதை எழுதினா சிவில் இன்ஸ்ட்ரக்டர் சான்றும் கிடைக்கும். ரெண்டையும் யூனிஃபார்ம்ல இருக்கும்போதே முடிச்சிடுங்க. வெளிய வந்த பிறகும் செய்யலாம், ஆனா பழைய யூனிட்ல இருந்து ஒரு கையெழுத்துக்காக மாசக்கணக்குல அலைய வேண்டியிருக்கும்.

பிளாக் ஹாக்கை வச்சு மாத்தினா ஹெலிகாப்டர் சான்று மட்டும்தான் வரும். விமானம் வேணும்னா தனியாப் படிக்கணும். ஜி.ஐ. பில்ங்கிற முன்னாள் ராணுவத்தினர் கல்வி உதவிப் பணத்துல படிக்கலாம், ஆனா பிரைவேட் பைலட் சான்றை முதல்ல கைக்காசு போட்டு வாங்கியிருக்கணும், மருத்துவச் சான்றும் இருக்கணும், அதுக்கு அப்புறம்தான் அந்தப் பணம் வரும். இது தெரியாம ஃபிளைட் ஸ்கூல்ல போய் நிக்கிறவங்க நிறைய. ஏ.எம்.ஓ.வுக்கு ஹெலிகாப்டர் மட்டும் போதும். அவங்ககிட்ட ஏ-ஸ்டார் ஹெலிகாப்டர் இருக்கு, உங்க பிளாக் ஹாக்கே இருக்கு.

அடுத்தது மணிக்கணக்கு. ரொம்ப நாளா அறிவிப்புகள்ல வர்ற எண் மொத்தம் 1,500 மணி, அதுல பைலட் இன் கமாண்டா, அதாவது பறப்புக்குப் பொறுப்பான பைலட்டா, 250. இரவு, இன்ஸ்ட்ருமென்ட், கடைசி 12 மாசம்னு தனித்தனியாவும் கேட்பாங்க. ஆள் தேவைப்படும்போது மொத்த மணியைத் தளர்த்தியும் எடுத்திருக்காங்க. அதனால நீங்க விண்ணப்பிக்கிற அன்னைக்கு யூ.எஸ்.ஏ.ஜாப்ஸ்ங்கிற மத்திய அரசு வேலைத் தளத்து அறிவிப்புல என்ன இருக்கோ அதுதான் கணக்கு, நண்பர் சொன்னது கணக்கில்ல.

ராணுவப் பதிவு டி.ஏ. 759 படிவத்துல இருக்கும். அதை அப்படியே தூக்கி அனுப்பிடாதீங்க. அதுல இரவு மணி ஒரே இடத்துல இருக்காது. சாதா இரவு ஒரு குறியீடு, நைட் விஷன் கண்ணாடி போட்டுப் பறந்தது இன்னொரு குறியீடு. ரெண்டையும் கூட்டினாத்தான் உங்க இரவு மணி. அதே மாதிரி மேகத்துக்குள்ள பறந்தது ஒரு குறியீடு, வெளிய தெரியாம மறைக்கிற ஹுட் போட்டுப் பயிற்சிக்குப் பறந்தது வேற, ரெண்டும் சேர்ந்தது இன்ஸ்ட்ருமென்ட். இதைக் கூட்டாம வெறும் 'இரவு' கட்டத்தை மட்டும் எழுதி, தகுதி இருந்தும் கழிஞ்சு போறவங்க உண்டு. பைலட் இன் கமாண்ட் விஷயத்துல இதுக்கு நேர் எதிரா தப்பு நடக்குது. எஃப்.ஏ.ஏ. விதிப்படி கட்டுப்பாட்டைத் தனியாக் கையில வச்சிருந்த நேரத்தையும் அப்படி எழுதிக்கலாம். ஆனா ஆள் எடுக்குறவங்க பார்க்க விரும்புறது நீங்க பி.சி.யா, அதாவது ராணுவத்துல பைலட் இன் கமாண்டா, பொறுப்பேத்த நேரம். பி.சி., இன்ஸ்ட்ரக்டர் பைலட், மெயின்டனன்ஸ் டெஸ்ட் பைலட் மணிகளைத் தனி வரிகளா எழுதுங்க. ஏர்லைனுக்குப் போறவங்க ஒவ்வொரு பறப்புக்கும் கொஞ்சம் நேரம் சேர்த்து மாத்திக்கிற பழக்கம் ஒண்ணு இருக்கு. அறிவிப்புல அனுமதிச்சாலொழிய அதை இங்க செய்யாதீங்க. எழுதின எண்ணும் படிவத்துல உள்ள எண்ணும் ஒத்துப்போகலைன்னா பின்னாடி உங்களைத்தான் விளக்கம் கேட்பாங்க.

மருத்துவம். ராணுவ ஃபிளைட் ஃபிசிக்கல் இதுக்குச் செல்லாது. எஃப்.ஏ.ஏ.வோட இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றாவது கையில இருக்கணும். இங்கதான் முன்னாள் ராணுவத்தினர் பலர் தெரியாமச் சிக்குறாங்க. ராணுவத்தை விட்டு வரும்போது வி.ஏ.ங்கிற முன்னாள் ராணுவத்தினர் நலத் துறையில ஊனப் படிக்கு விண்ணப்பிப்பீங்க. தூக்கத்துல மூச்சுத் தடை, ஒற்றைத் தலைவலி, மன உளைச்சல்னு ஒரு பட்டியல் போகும். உண்மையா இருந்தா வாங்குங்க, அது உங்க உரிமை. ஆனா எஃப்.ஏ.ஏ. மருத்துவப் படிவத்துல 18-ஒய்னு ஒரு கேள்வி இருக்கு: உடல்நலக் குறைக்காக உதவித்தொகை வாங்குறீங்களான்னு. அதுல 'இல்லை'ன்னு போட்டுட்டு வி.ஏ.வுல பணம் வாங்கினா ரெண்டு அரசுப் பதிவும் ஒண்ணுக்கொண்ணு மோதும். 2023ல இந்த மாதிரி சுமார் 4,800 பைலட்டுகளோட பதிவை எஃப்.ஏ.ஏ. ஆராய்ஞ்சது செய்தியாவே வந்துச்சு. நோயைச் சொன்னா கூடுதல் பரிசோதனை கேட்பாங்க, தாமதம் ஆகும், பல நேரம் சான்று கிடைச்சிடும். மறைச்சது தெரிஞ்சா சான்றும் போகும், வழக்கும் வரலாம், இந்த வேலைக்கான கதவும் மூடிடும். வி.ஏ. விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடியே விமான மருத்துவர்கிட்ட ஆலோசனையா ஒரு தடவை பேசிடுங்க.

இப்ப நீங்க கேட்ட முக்கியமான இடத்துக்கு வர்றேன். பல பேர் நிக்கிறது பாலிகிராஃப்ங்கிற பொய் கண்டறியும் சோதனையில. 2010ல வந்த ஒரு சட்டப்படி சி.பி.பி.யில சட்ட அமலாக்கப் பதவிக்கு வர்ற எல்லாருக்கும் இது கட்டாயம். விண்ணப்பிச்சவங்கள்ல மூணுல ரெண்டு பேர் இதுல தவறுறாங்கன்னு 2017ல செய்தி வந்துச்சு. அதுக்கு அப்புறம் முன்னாள் ராணுவத்தினர் சிலருக்கு விலக்கு கொடுக்குற அதிகாரமும் வந்துச்சு. ஆனா நடப்புல இருக்குற டாப் சீக்ரெட் எஸ்.சி.ஐ. கிளியரன்ஸ், அதாவது மிக ரகசியமான தகவல்களைப் பார்க்குற அனுமதி, வேணும். பிளாக் ஹாக் பைலட் பெரும்பாலும் சீக்ரெட்தான் வச்சிருப்பார், அதனால விலக்கை நம்பி உட்கார வேண்டாம்.

பின்னணி விசாரணைக்கு எஸ்.எஃப்-86ங்கிற படிவத்தை நிரப்புவீங்க. பாலிகிராஃப்ல உட்காரும்போது அதுல எழுதினதுதான் உங்க எதிர்ல இருக்கும். ராணுவத்துல சேரும்போது எழுதின பழைய படிவமும் அரசுகிட்டயே இருக்கு. ஆள் சேர்க்குற சார்ஜென்ட் "இதையெல்லாம் எழுதாதே"ன்னு சொன்னாருன்னு அன்னைக்கு விட்டது ஏதாவது இருந்தா, இப்ப எழுதிடுங்க, ஏன் விட்டுப்போச்சுன்னும் எழுதுங்க. கல்லூரியில ஒரு தடவை கஞ்சா புகைச்சதைச் சொன்னா பெரும்பாலும் காலத்தைத்தான் பார்ப்பாங்க, மறைச்சா நேர்மையைப் பார்ப்பாங்க. மாநிலத்துல அது சட்டப்படி சரின்னாலும் மத்திய அரசுக்குக் குற்றமேதான், ஞாபகம் வச்சுக்கங்க. பாலிகிராஃபை ஏமாத்த மூச்சுப் பயிற்சி சொல்லித் தர்ற வீடியோ பக்கம் போகவே போகாதீங்க. அந்த முயற்சி தெரிஞ்சாலே தோல்விதான்.

இவ்வளவு கடுமை ஏன்னு கேட்பீங்க. ராணுவ பைலட் நீதிமன்றத்துல நிக்கிறதில்லை. ஏ.எம்.ஓ. ஏஜென்ட் நிக்கணும். படகைத் துரத்தி போதைப்பொருள் பிடிச்சா, வானத்துல இருந்து என்ன பார்த்தீங்கன்னு நீங்கதான் சாட்சி. 1972ல கிக்லியோ வழக்குல உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, சாட்சியோட நம்பகத்தன்மையைக் குறைக்கிற தகவல் இருந்தா அரசுத் தரப்பு அதை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தே ஆகணும். ஒரு பொய் பதிவாயிருக்குற அதிகாரியைச் சாட்சிக் கூண்டுல ஏத்த எந்த வழக்கறிஞரும் தயங்குவார். ஏத்த முடியாத ஆளை வேலைக்கு வச்சு அவங்க என்ன செய்ய முடியும்? இதை மனசுல வச்சுக்கிட்டுப் படிவத்தை நிரப்பினீங்கன்னா எதை எழுதணும்ங்கிற குழப்பமே வராது.

மதுரையில அப்பா அம்மா இருக்குறது தடை இல்லை. படிவத்துல உறவினர், வெளிநாட்டுத் தொடர்பு, வெளிநாட்டுச் சொத்து, வெளிநாட்டுப் பயணம்னு தனித்தனிப் பகுதி இருக்கு. மாசாமாசம் அனுப்புற பணம், ஊர்ல உங்க பேர்ல இருக்குற நிலம், அப்பாவோட கூட்டுப் பேர்ல இருக்குற வங்கிக் கணக்கு, கல்யாணத்துக்குப் போன பயணத் தேதி, எல்லாம் எழுதணும். நம்ம ஆளுங்க தவறுறது கூட்டுக் கணக்குல. "அது அப்பா பணம், என் பேர் சும்மா இருக்கு"ன்னு விட்டுடுவாங்க. சட்டத்துக்கு அது உங்க கணக்கும்தான். வெளிநாட்டுக் கணக்குகள்ல மொத்தமா 10,000 டாலர் எந்த ஒரு நாள்ல தாண்டியிருந்தாலும் எஃப்பார்ங்கிற வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கை போட்டிருக்கணும். போடலைன்னா விண்ணப்பத்துக்கு முன்னாடி ஒரு வரி ஆலோசகரைப் பார்த்துச் சரி பண்ணுங்க. ஓ.சி.ஐ. அட்டை இருந்தா அதையும் மறைக்காதீங்க. கடைசி 5 வருஷத்துல 3 வருஷம் அமெரிக்காவுல குடியிருக்கணும்ங்கிற நிபந்தனை ஒண்ணு உண்டு. கொரியாவுலயோ ஜெர்மனியிலயோ ராணுவ ஆணைப்படி இருந்த காலத்துக்கு விதிவிலக்கு இருக்கு, அந்த ஆணையோட நகலைப் பத்திரமா வைங்க.

வயசு: 40வது பிறந்தநாளுக்கு முன்னாடிங்கிறது பொது விதி. வெட்டரன்ஸ் பிரிஃபரன்ஸ்ங்கிற முன்னாள் ராணுவத்தினர் முன்னுரிமை இருக்கிறவங்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது. 57 வயசுல கட்டாய ஓய்வு, ஆனா அப்ப 20 வருஷ சேவை முடியலைன்னா அது முடியுற வரைக்கும் இருக்கலாம். வேலைக்கு எடுக்க ஒரு வருஷம்கூட ஆகலாம், அதனால இப்பவே ஆரம்பிங்க. ராணுவத்துல இருந்து விடுவிச்ச சான்றான டி.டி.-214 இன்னும் வரலையேன்னு காத்திருக்க வேண்டாம். 120 நாளுக்குள்ள கௌரவமா விடுவிக்கப்படுவார்னு யூனிட் கொடுக்குற கடிதத்தை வச்சே பிரிஃபரன்ஸ் கேட்கலாம். டெர்மினல் லீவுங்கிற கடைசி விடுப்புல இருக்கும்போதே மத்திய அரசு வேலையில சேரலாம், ரெண்டு சம்பளமும் வாங்கலாம்.

தேர்வானதும் ஜார்ஜியா மாநிலம் கிளிங்கோவுல இருக்குற ஃபிலெட்சி பயிற்சி மையத்துக்கு அனுப்புவாங்க. அங்க பல மாசம், பறப்பு இல்லாம. சட்டம், துப்பாக்கி, கைது செய்யும் முறை, வண்டி ஓட்டுறது. ஆயிரம் மணி பறந்தவங்களும் அங்க தேடுதல், பறிமுதல் சட்டப் பாடத்துல திணறுவாங்க, அதனால அரசியல் சட்டத்தோட நாலாவது திருத்தத்தை முன்கூட்டியே படிச்சிட்டுப் போங்க. போஸ்டிங் நீங்க கேட்கிற ஊருக்கே வரும்னு கணக்குப் போடாதீங்க. தென்மேற்கு எல்லைதான் பெரும்பாலும், ஆனா போர்ட்டோ ரிக்கோவும் வரலாம், மொன்டானாவும் வரலாம். குடும்பத்தோட இதை முன்னாடியே பேசிடுங்க.

சம்பளத்துக்கு மேல லீப்னு 25 சதவீதம் உண்டு, அதுக்குப் பதிலா கூடுதல் நேரம் கேட்டா வரணும். ஓய்வூதியம் முதல் 20 வருஷத்துக்கு வருஷத்துக்கு 1.7 சதவீதம். ராணுவ வருஷங்களையும் இதோட சேர்க்கலாம், அந்தக் கால அடிப்படைச் சம்பளத்துல 3 சதவீதம் கட்டணும். மொத்தம் 5 லட்சம் டாலர் வாங்கியிருந்தா 15,000. சேர்ந்த முதல் ரெண்டு வருஷத்துக்குள்ள கட்டி முடிச்சா வட்டி இல்லை, தள்ளிப்போட்டா ஏறிக்கிட்டே போகும். இந்த ராணுவ வருஷங்கள் ஓய்வூதியத்தைக் கூட்டுமே தவிர, 20 வருஷ சட்ட அமலாக்கச் சேவைங்கிற கணக்குல சேராது. அதை யூனியன் நண்பர்கள்கூட மாத்திச் சொல்வாங்க, கவனமா இருங்க.

நேஷனல் கார்டுல தாராளமாத் தொடரலாம். வருஷத்துக்கு 20 நாள் சம்பளத்தோட ராணுவ விடுப்பு சட்டப்படி உண்டு, பணிக்கு அழைச்சா உங்க இடம் பாதுகாப்பா இருக்கும். ஃபிலெட்சி பயிற்சி நடக்குற மாசங்கள்ல மட்டும் ட்ரில், அதாவது கார்டோட வழக்கமான பயிற்சி, நாள்களை மாத்திக் கேட்டு யூனிட்கிட்ட எழுத்துல வாங்கிடுங்க.