வக்கீல் என்று கூப்பிடுகிறார்களே, ஏன்?

மாணவ நண்பர்களுக்கு வணக்கம்.

இன்னும் சில வருஷங்களில் உங்கள் வாசலில் 'வழக்கறிஞர்' என்று பலகை தொங்கும். ஆனால் தெருவில் எல்லாரும் 'வக்கீல் சார்', 'வக்கீலம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சொல்லைப் பற்றித்தான் பேச வந்தேன்.

வக்கீல் அரபுச் சொல். நம்பி ஒப்படைப்பதைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. இஸ்லாத்தில் இறைவனின் திருப்பெயர்களில் ஒன்றே 'அல் வக்கீல்'. பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த காலத்தில், ஓர் அரசருக்காக இன்னோர் அரசரின் தர்பாரில் போய்ப் பேசும் தூதரையும் வக்கீல் என்றார்கள். 1793-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் விதி வகுத்து, தன் நீதிமன்றங்களில் வாதாடும் வக்கீல்களுக்குச் சன்னது, அதாவது உரிமப் பத்திரம், கொடுத்தது. அப்புறம் பாரிஸ்டர், பிளீடர், அட்டர்னி, முக்தார் என்று எத்தனையோ படிகள். 1961-ஆம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டம் எல்லாரையும் 'அட்வகேட்' என்ற ஒரே வகுப்பாக்கியது. ஜனங்களுக்கோ இன்றும் வக்கீல்தான்.

வழக்கறிஞர் அழகான தமிழ்; உங்கள் படிப்பைச் சொல்கிறது. வக்கீல், உங்களை நம்பி வந்தவரையும் சேர்த்துச் சொல்கிறது. எனக்கு அதன்மேல்தான் பிரியம் அதிகம்.

வக்காலத்தும் அதே வேர்தான். 'அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குறே?' என்று வீட்டுச் சண்டையில்கூடக் கேட்கிறோம். கோர்ட்டில் அது, கட்சிக்காரர் உங்களைத் தன் வக்கீலாக நியமிக்கும் தாள். வழக்கறிஞர் சேமநல நிதி ஸ்டாம்பு ஒட்டியிருக்கும். உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 3, விதி 4-இன்படி, கட்சிக்காரர் எழுத்துமூலம் நியமிக்காமல் நீங்கள் அவருக்காகச் செயல்பட முடியாது. ஆனால் நடப்பது என்ன? குமாஸ்தா பேனாவை நீட்டி, "இங்க ஒண்ணு, பின்னாடி ஒண்ணு" என்று விரலால் காட்டுவார். வந்தவர் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். வழக்கமாக அச்சிட்ட அந்த வரிகளில் சமரசம் செய்துகொள்ள, வழக்கை வாபஸ் வாங்க, பணம் பெற்றுக்கொள்ள எல்லாம் உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. பூர்வீக நிலமோ, ஜீவனாம்சமோ, எதை நம்பி அவர் வந்தாரோ அது அந்தக் கையெழுத்தோடு உங்கள் கைக்கு வருகிறது. அதைப் படித்துக் காட்ட ஐந்து நிமிஷம் ஒதுக்காததை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வக்காலத்தைத் தாக்கல் செய்துவிட்டால், நினைத்தபோது கழற்றிவிட்டுப் போக முடியாது. வழக்கு முடியும்வரை அது உயிரோடு இருக்கும். நடுவில் விலக நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.