மறுபடி மேலே ஏறும் விமானம்

(நாகர்கோவிலில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அண்ணாச்சிக்கும், இந்த மழையிலும் வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வளைகுடாவுக்கு ஆள் போகாத ஊர் நம் மாவட்டத்தில் அபூர்வம். போவதும் வருவதும் பெரும்பாலும் திருவனந்தபுரம் வழிதான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற மண் இது. ஆகவே கண் தெரியாத மழையில் ஒரு விமானம் எப்படி இறங்குகிறது, அதில் விமானிகள் எங்கே தவறுகிறார்கள் என்பது நம் வீட்டு விஷயம்.

ஓடுதளத்திலிருந்து இரண்டு ரேடியோ கற்றைகள் வானத்தை நோக்கி வருகின்றன. ஒன்று நடுக்கோட்டைக் காட்டும். மற்றொன்று சுமார் மூன்று டிகிரி சரிவைக் காட்டும். இந்த ஏற்பாட்டுக்கு ஐஎல்எஸ் என்று பெயர். வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் விமானி கருவியைப் பார்த்து இந்தச் சரிவிலேயே இறங்கி வரலாம். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. சாதாரண ஐஎல்எஸ் இறக்கத்தில் அந்த எல்லை தரையிலிருந்து 200 அடி. அந்த உயரம் வந்ததும் ஓடுதளமோ அதன் விளக்குகளோ கண்ணில் பட வேண்டும். படவில்லையென்றால் என்ஜினுக்கு முழு வேகம் கொடுத்து மறுபடி மேலே ஏறிவிட வேண்டும். இதை ‘கோ அரவுண்ட்’ என்பார்கள்.

அந்த 200 அடி எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஒரு போயிங் 737 நிமிடத்துக்கு 700 அடிக்கு மேல் இறங்கிக்கொண்டிருக்கும். அப்படியானால் தரைக்குப் பதினாறு, பதினேழு விநாடி. அதற்குள் கருவியிலிருந்து கண்ணை எடுத்து வெளியே பார்த்து, மங்கலாகத் தெரிகிற வெளிச்சம் ஓடுதளத்து விளக்குதானா என்று உறுதி செய்து, முடிவும் எடுத்தாக வேண்டும். கண்ணாடியில் வழிகிற மழைநீர் ஒளியை வளைத்துவிடும். இருக்கிற உயரத்தைவிட அதிக உயரத்தில் இருப்பதாகக் கண் நம்பிவிடும். அந்த நம்பிக்கையில் மூக்கைக் கொஞ்சம் கீழே அழுத்தினால் போதும், விமானம் சரிவுக்குக் கீழே போய்விடும். இரண்டு விமானிகளும் சேர்ந்து வெளியே விளக்கைத் தேடினால் கருவியைப் பார்க்க யாரும் இல்லை. அதனால்தான் ஒருவர் வெளியே பார்த்தாலும் மற்றவர் கண் கருவியை விட்டு நகரக் கூடாது என்று பயிற்சி கொடுக்கிறார்கள்.

நம் தமிழ்நாடு மறக்கக் கூடாத விபத்து ஒன்று உண்டு. 1973 மே 31 அன்று சென்னையிலிருந்து டெல்லிக்குப் போன போயிங் 737, புழுதிப் புயலில் டெல்லியின் ‘பாலம்’ விமான நிலையத்தை நெருங்கும்போது உயர் அழுத்த மின்கம்பியில் மோதி விழுந்தது. 65 பேரில் 48 பேர் இறந்தார்கள். மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலமும், கோவை எம்.பி.யாக இருந்த கே. பாலதண்டாயுதமும் அதில் இறந்தார்கள். ஓடுதளம் கண்ணில் படாமலேயே, அனுமதித்த உயரத்துக்குக் கீழே விமானத்தை இறக்கியிருந்தார்கள்.

ஐம்பது வருஷத்தில் கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனாலும் 2022 மே 23 அன்று பாரிஸ் சார்ல் டி கோல் விமான நிலையத்தில் மழையில் இறங்கிய ஓர் ஏர்பஸ் ஏ320-க்கு, கட்டுப்பாட்டு அறை காற்றழுத்த அளவை 1001 என்பதற்குப் பதில் 1011 என்று சொல்லிவிட்டது. காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் உயரமானியில் விமானிகளும் அதையே வைத்தார்கள். பத்து அலகு பிசகினால் உயரம் கிட்டத்தட்ட 280 அடி பிசகும். ஓடுதளத்துக்கு இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே அந்த விமானம் தரைக்கு ஆறடி உயரம் வரை வந்துவிட்டது. ஆறடி! ஓடுதளம் தெரியவில்லை என்று விமானிகள் மேலே ஏறினார்கள், பிழைத்தார்கள். கருவி, கட்டுப்பாட்டு அறை எல்லாம் கைவிட்டபோதும் காப்பாற்றியது அந்த ஒரு பழக்கம்தான்.

சரி, இப்போது கோழிக்கோடு. 2020 ஆகஸ்ட் 7, இரவு, கொட்டும் மழை. கொரோனா காலத்தில் துபாயிலிருந்து 190 பேருடன் வந்த விமானம் அது. முதல் முறை இறங்க வந்தபோது கேப்டன் பக்கத்துக் கண்ணாடியின் வைப்பர் வேலை செய்யவில்லை. மேலே ஏறிவிட்டார்கள். அது சரியான முடிவு. அடுத்து அதே ஓடுதளத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார்கள். இப்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது. குன்றை வெட்டிச் சமன் செய்த ஓடுதளம், நீளம் 2,700 மீட்டர். தொட வேண்டிய இடத்தில் தொடாமல் ஏறக்குறைய பாதி தூரம் மிதந்து போய்த்தான் சக்கரம் தரையைத் தொட்டது. நிற்க இடம் இல்லை. பள்ளத்தில் விழுந்து உடைந்தது. இரண்டு விமானிகளோடு சேர்த்து 21 பேர் இறந்தார்கள்.

விசாரணை அறிக்கையில் என்னை இன்னும் உலுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு ஆபத்து தெரிந்திருக்கிறது. ‘கோ அரவுண்ட்’ என்று சொல்லியும் இருக்கிறார். அனுபவம் மிகுந்த கேப்டன் கேட்கவில்லை. அவர் கேட்காதபோது துணை விமானி கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. பெரியவர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று வளர்ந்த பிள்ளைகள் நாம். வீட்டில் அது மரியாதை. விமானத்தின் முன்னறையில் அது உயிரைக் குடிக்கும். சொல்லிக் கொடுக்க வேண்டியது இளையவருக்கு மட்டும் இல்லை. ‘நீ சொன்னால் நான் காரணம் கேட்காமல் மேலே ஏறிவிடுவேன்’ என்று கேப்டன் கிளம்பும் முன்பே வாய் திறந்து சொல்ல வேண்டும்.

தேங்காய்ப்பட்டணத்துக் காரர்கள் இங்கே இருப்பீர்கள். ஆழ்கடலில் புயல் பார்த்த வள்ளம், துறைமுக முகத்துவாரத்தில் அலையில் கவிழ்ந்து எத்தனை பேரை இழந்திருக்கிறோம்! கரை கண்ணில் தெரியும்போது வெளியிலேயே நின்று காத்திருக்க மனசு வருமா? விமானிக்கும் அதே மனசுதான். இறக்கம் சரியாக அமையவில்லை என்று தெரிந்தும் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் மேலே ஏறுகிறார்கள் என்று உலக அளவிலான ஆய்வே சொல்கிறது.

மேலே ஏறினால் மட்டும் போதாது, எப்போது வேறு ஊருக்குப் போவது என்றும் முடிவு செய்ய வேண்டும். 2015 ஆகஸ்டில் தோஹாவிலிருந்து கொச்சிக்கு வந்த ஒரு 737, கொச்சியில் மூன்று முறை முயன்று முடியாமல் நம் திருவனந்தபுரத்துக்கு வந்தது. அங்கேயும் அதே வானிலை. இரண்டு ஊரும் சேர்த்து ஏழாவது முயற்சியில் இறங்கியபோது தொட்டியில் மிஞ்சியது சுமார் 350 கிலோ எரிபொருள். கடைசி அரை மணி நேரத்துக்கென்று தொடாமல் வைக்க வேண்டியதே ஒரு டன்னுக்கு மேல். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எட்டாவது முயற்சிக்கு அங்கே வழியே இல்லாமல் போயிருந்தது. எரிபொருள் இருக்கும்போதே, இரண்டாவது முயற்சியோடு விட்டுவிட்டு வானம் தெளிந்த ஊரைப் பார்த்துப் போவதுதான் நல்ல விமானியின் அடையாளம்.

இதில் பயணிகளான நமக்கும் பங்கு இருக்கிறது. தரை தெரியும் நேரத்தில் விமானம் சட்டென்று உறுமி மேலே ஏறினால் பயமாகத்தான் இருக்கும். அப்புறம் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ கொண்டு இறக்கினால் கோபம் வரும். பணிப்பெண்ணைத் திட்டுகிறோம், செல்போனில் வீடியோ எடுத்துப் போடுகிறோம். அந்தத் திட்டு நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து அடுத்த விமானியின் காதுக்கும் போகிறது. அவர் அடுத்த மழையில் இறங்கும்போது அது அவர் மனசில் இருக்கும்.

திருப்பி விடப்பட்ட ஊரில் விமானியின் பணி நேரம் முடிந்துவிடலாம். விதிப்படி அவர் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. வேறு ஆள் வரும்வரை நம் பிள்ளைகள் ஆறு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க நேரும். திருவனந்தபுரத்தில் காத்திருக்கும் வேனுக்கு இன்னொரு நாள் வாடகை ஆகும். கல்யாணத்துக்கு வந்தவன் தாலி கட்டும் நேரத்துக்கு வராமலும் போவான். அந்த நஷ்டத்தை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இன்றைக்கு இவ்வளவும் பேசினேன். நன்றி, வணக்கம்.