ஆடுற என்சைம எங்க பிடிச்சு நிறுத்தறது

எல்லாருக்கும் வணக்கம். என்சைம்னா உயிருள்ள செல்லுல ரசாயன மாற்றத்த வேகப்படுத்தற புரோட்டீன். அதுக்குள்ள பொருள் போய் பொருந்தறத ஸ்கூல்ல பூட்டு சாவின்னு படிச்சிருப்போம், 1894-ல எமில் ஃபிஷர் சொன்னது. ஆனா பூட்டு இரும்பு, அசையாது. புரோட்டீன் அப்படி இல்லங்க, தண்ணிக்குள்ள ஓயாம நெளிஞ்சுக்கிட்டே இருக்கும், அதோட ஒரு வளைவு (லூப்) திறக்கும், பக்கத்துல நீட்டிக்கிட்டு இருக்கற ஒரு கிளை (சைட் செயின்) திரும்பும், திரும்ப பழைய இடத்துக்கே வரும். இந்த அசைவ நாம மாத்தி அமைச்சா என்சைம் வேகமாகுமா, இன்னைக்கு அததான் பேசப்போறேன்.

கெம்ப் எலிமினேஷன்னு ஒரு ரியாக்‌ஷன் இருக்கு, ஒரு புரோட்டான பிடுங்கினா ஒரு வளையம் திறக்கும், அவ்ளோதான். இதுக்குன்னே இயற்கை ஒரு என்சைம உருவாக்கி வைக்கல, அதனால கம்ப்யூட்டர்ல டிசைன் பண்றவங்களுக்கு இதுதான் பரீட்சை. அமெரிக்காவுல கால்டெக் பல்கலைக்கழகத்துல ஸ்டீஃபன் மேயோ குழு, சூட்டுல வளர்ற ஒரு பூஞ்சையோட சைலனேஸ்ங்கற வேற ஒரு என்சைம எடுத்து, அதுல இந்த ரியாக்‌ஷன் நடக்கறதுக்கு ஒரு பாக்கெட், அதாவது ஒரு குழி, செதுக்கினாங்க. முதல் டிசைன் ஹெச்ஜி-1. வேலையே செய்யல! கம்ப்யூட்டர் படத்துல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, ஆனா புரோட்டீன கிரிஸ்டலாக்கி அதோட நிஜ வடிவத்த எடுத்து, அது எப்படி அசையுதுன்னு கம்ப்யூட்டர்ல சிமுலேஷன் ஓட்டிப் பாத்தா பாக்கெட்டுக்குள்ள தண்ணி புகுந்து நிக்குது, புரோட்டீனோட கண்ணிகளான அமினோ அமிலங்கள்ல முக்கியமானதெல்லாம் கண்டபடி ஆடுது. ஊசியில நூல் கோக்கறப்ப ஊசி பிடிச்ச கை நடுங்கினா எப்படி, அந்த மாதிரி. அப்புறம் பாக்கெட்ட இன்னும் ஆழமா தள்ளி வச்சாங்க, 265-வது இடத்துல செரின்ங்கற அமினோ அமிலத்த எடுத்துட்டு த்ரியோனின்ங்கற இன்னொண்ண போட்டாங்க, ஹெச்ஜி-3 வந்துச்சு. வேலை செஞ்சுது, ஆனா செகண்டுக்கு ஒரு தடவைகூட முழுசா இல்ல. இதெல்லாம் 2012-ல வெளிவந்தது.

அடுத்த வருஷம் சூரிக்ல டொனால்ட் ஹில்வர்ட் குழு, அதையே 17 சுற்று டைரக்டட் எவல்யூஷன்ல ஓட்டினாங்க, அதாவது மியூட்டேஷன் போடு (அமினோ அமிலத்த மாத்து), நல்லத எடு, திரும்பப் போடு. கடைசியில வந்தது செகண்டுக்கு சுமார் 700 தடவை வேலை செய்யுது, கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு. எனக்கு இன்னமும் ஆச்சரியம் தீராத விஷயம் என்னன்னா, அந்த மியூட்டேஷன்ல பல, ரியாக்‌ஷன் நடக்கற இடத்தத் தொடவே இல்ல, தள்ளி எங்கயோ இருக்கு. அது அங்க உட்கார்ந்துக்கிட்டு என்ன பண்ணுது?

2020-ல பதில் வந்துச்சு. அமெரிக்காவுல பிராண்டைஸ் பல்கலைக்கழகத்துல டொரோத்தி கெர்ன் குழு காட்டினது இதுதான்: பழைய என்சைம் வேலைக்கு ஆகாத வடிவங்கள்லயும் போய் நேரத்தக் கழிச்சுக்கிட்டு இருந்துச்சு, எவல்யூஷன் அந்த வடிவங்கள ஒதுக்கி, வேலை செய்யற வடிவத்துலயே அத நிறுத்தி வச்சுது. அதே வருஷம் இன்னொரு குழு, ஒரே ஒரு அசையாத படத்த வச்சு டிசைன் பண்ணாம புரோட்டீனோட பல வடிவங்கள சேத்து வச்சு கணக்கு போட்டு ஹெச்ஜி-4ன்னு ஒண்ணு பண்ணாங்க, ஹெச்ஜி-3ய விட 700 மடங்குக்கு மேல திறமை.

அப்போ எல்லாத்தையும் இறுக்கிட்டா போதுமான்னு கேக்காதீங்க. அடினிலேட் கைனேஸ்னு இன்னொரு என்சைம் இருக்கு, அதுல கெமிஸ்ட்ரி சட்டுனு முடிஞ்சிடும், பாக்கெட்டுக்கு மேல மூடி மாதிரி இருக்கற பகுதி திறந்து பொருள வெளிய விடறதுக்குத்தான் நேரம் ஆகும். வெந்நீர் ஊத்துல வாழற பாக்டீரியாவோட கைனேஸ், ரூம் சூட்டுல மந்தமா இருக்கறதுக்குக் காரணமே அந்த மூடி மெதுவா திறக்கறதுதான். அங்க போய் இறுக்கினா இருக்கற வேகமும் போயிடும். அதனால ஒரு என்சைம் கைக்கு வந்தா, மியூட்டேஷன் போடறதுக்கு முன்னாடி எந்தப் படி மெதுவா இருக்குன்னு அளந்து பாருங்க, அது தெரிஞ்சாத்தான் எந்த அசைவ அடக்கறது, எத விட்டுப் பிடிக்கறதுன்னு பேச முடியும்.